மொத்தம் சரி, உள்ளே தவறு: ஒரு சி++ எண்ணும் நிரலின் நிகழ்வு ஆய்வு

ஒரு லாக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு நிகழ்வின் பெயர் இருக்கிறது: லாகின், ஆத், டைம்அவுட், இப்படி. எந்தப் பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அதிகம் வந்த பத்தை மட்டும் காட்ட வேண்டும். நிரல் எழுதிப் பிழைக்கிற எவருக்கும் அடிக்கடி வந்து விழும் வேலை. பைத்தானில் பத்து வரிக்குள் முடித்துவிடலாம். சி++-இல் எழுதினாலும் ஒரு திரைக்குள் அடங்கிவிடும்.

நான் பார்த்த நிரலும் அப்படி ஒரு திரைக்குள் அடங்கியதுதான். ஒரு குழு அதைப் பல மாதங்களாக ஓட்டிக்கொண்டிருந்தது. லாக் கோப்பு பெரிதாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்ட குற்றம்) என்று சொல்லி நிரல் விழ ஆரம்பித்தது. என்னிடம் வந்த கேள்வி, ‘பெரிய கோப்புக்கு மட்டும் ஏன் கிராஷ் ஆகிறது?’ என்பது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது தெரிந்தது வேறு. கிராஷ் கடைசியாக வெளியே தெரிந்த அறிகுறி. நிரல் விழாமல் ஓடி முடித்த அத்தனை முறையும் கணக்கைத் தப்பாகத்தான் கொடுத்திருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் மொத்தக் கூட்டுத்தொகை ஒவ்வொரு தடவையும் கச்சிதமாக வந்தது.

நிரலின் அமைப்பு

மூன்று சாமான்கள். முதலாவது, ‘நேம்ஸ்’ என்ற பெயரில் ஸ்ட்ரிங்குகளின் (எழுத்துச் சரங்களின்) வெக்டர், அதாவது உறுப்புகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, தேவைக்கேற்ப வளரும் பட்டியல். புதிதாக ஒரு பெயர் வந்தால் அதன் நகல் ஒன்று இதன் கடைசியில் சேரும். இரண்டாவது, ‘கவுண்ட்ஸ்’ என்ற எண் வெக்டர். நேம்ஸில் எந்த இடத்தில் பெயர் இருக்கிறதோ, கவுண்ட்ஸில் அதே இடத்தில் அதன் எண்ணிக்கை. மூன்றாவது, ‘இண்டெக்ஸ்’ என்ற அன்ஆர்டர்ட் மேப். பெயரைக் கொடுத்தால் இடத்தைச் சொல்லும். இந்த மேப்பின் சாவி, அதாவது தேடுவதற்குக் கொடுக்கும் பெயர், ஸ்ட்ரிங் இல்லை, ஸ்ட்ரிங் வியூ.

ஸ்ட்ரிங் வியூ சி++17 பதிப்பில் வந்தது. ஒரு முகவரி, ஒரு நீளம், அவ்வளவுதான். 64 பிட் கணினியில் 16 பைட். எழுத்துகள் அதனிடம் கிடையாது. வேறெங்கோ இருக்கும் எழுத்துகளை அது சுட்டிக்காட்டும். இதைத் தேர்ந்தெடுத்த காரணம் நியாயமானது. சாவி ஸ்ட்ரிங்காக இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் தேடுவதற்காகவே ஒரு தற்காலிக ஸ்ட்ரிங்கைக் கட்ட வேண்டும். நீளமான பெயராக இருந்தால் அதற்காக ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதியில்) இடம் கேட்டு, தேடி முடித்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோடிக்கணக்கான வரிகளில் இது வீண் செலவு.

எழுதியவர் கவனமில்லாதவரும் இல்லை. வரியைப் படித்து வைக்கும் தற்காலிக இடமான பஃபர் ஒவ்வொரு வரிக்கும் மேலெழுதப்படும், ஆகவே அதைச் சுட்டும் வியூவைச் சாவியாக வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முதலில் நேம்ஸில் நகல் எடுத்துச் சேர்த்து, அங்கே கடைசியாக உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரிங்கை நோக்கி வியூ எடுத்து, அதை மேப்பில் போட்டிருந்தார். எழுத்துகளின் சொந்தக்காரர் நேம்ஸ், அது நிரல் முடியும்வரை உயிரோடு இருக்கும், ஆகவே வியூவும் செல்லும். இதுதான் அவருடைய தர்க்கம். நேம்ஸ் உயிரோடு இருப்பது உண்மை. அதற்குள் இருக்கும் ஸ்ட்ரிங்குகள் இருந்த இடத்திலேயே இருக்குமா என்ற கேள்விதான் விட்டுப்போனது.

மூன்று வரியில் பிழையைப் பிடித்தல்

பெரிய கோப்பை வைத்துக்கொண்டு பிழை தேடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கோப்பைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, தப்பு நிற்கும் மிகச் சிறிய உள்ளீட்டுக்கு வந்துவிட வேண்டும். இங்கே அது மூன்று வரி: லாகின், ஆத், லாகின். (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் கோப்பில் இருந்தன, லாகினுக்கு ஐந்து பைட், ஆத்துக்கு நான்கு.) முதல் பத்து என்ற வடிகட்டியை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் அச்சிடச் சொன்னேன். வந்த விடை: லாகின் 1, ஆத் 1, லாகின் 1.

ஒரே பெயர் இரண்டு வரியில். எழுத்துகள் இரண்டிலும் சுத்தமாக இருக்கின்றன, ஏனென்றால் அச்சிடுவது நேம்ஸிலிருந்து. அதில் உள்ளவை நல்ல நகல்கள். மேப்பின் சாவியிலிருந்து அச்சிட்டிருந்தால் முதல் நாளே குப்பை எழுத்துகள் கண்ணில் பட்டிருக்கும்.

டீபக்கரில் நிறுத்தி அடிக்கு அடி பார்த்தால் நடப்பது இது. முதல் லாகின் வந்ததும் நேம்ஸ் ஒரு ஸ்ட்ரிங்குக்கான இடத்தை ஹீப்பில் வாங்குகிறது. ஜிசிசி என்ற கம்பைலரோடு (நிரலைத் தொகுக்கும் கருவியோடு) வரும் நூலகத்தில் ஒரு ஸ்ட்ரிங் 32 பைட்: முகவரிக்கு 8, நீளத்துக்கு 8, மீதி 16 ஒரு குட்டி அறை. 15 பைட் வரையுள்ள பெயர்களை அந்தக் குட்டி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், ஹீப்புக்குப் போகாது. ஆகவே லாகினின் எழுத்துகள் வெக்டரின் சொந்த இடத்துக்குள், 16-வது பைட்டிலிருந்து உட்கார்ந்திருக்கின்றன. மேப்பின் சாவி அந்த இடத்தைச் சுட்டுகிறது.

ஆத் வருகிறது. வெக்டரில் இடம் இல்லை. இரண்டு ஸ்ட்ரிங்குக்கு 64 பைட் புதிதாக வாங்கி, லாகினை அங்கே நகர்த்தி, பழைய 32 பைட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சாவி இன்னும் பழைய முகவரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த அடிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆத்துக்காக மேப் ஒரு புதிய கணு (சாவியையும் அதன் மதிப்பையும் வைக்கும் சிறு பெட்டி) உருவாக்குகிறது. அதற்கு 40 பைட் தேவை. 64 பிட் லினக்ஸில் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் நூலகமான ஜிலிப்சி, 32 பைட் கேட்டாலும் 40 பைட் கேட்டாலும் ஒரே 48 பைட் துண்டைத்தான் தரும். சற்றுமுன் திரும்பி வந்த துண்டு கையோடு இருக்கிறது. அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. லாகினின் சாவி சுட்டிய அதே இடத்தில் இப்போது ஆத்தின் கணு. கணுவின் 16-வது பைட்டில் இருப்பது ஆத்தின் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரி. லாகின் என்ற சாவியைப் படித்தால் இனி ஐந்து எழுத்து வராது, ஒரு முகவரியின் ஐந்து பைட் வரும்.

மூன்றாவது வரியில் மறுபடி லாகின். மேப்பில் தேடுகிறது. ஐந்து பைட்டையும் ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை. ‘புதுப் பெயர்’ என்று முடிவுசெய்து நேம்ஸில் இன்னொரு லாகினைச் சேர்க்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தக் கிராஷும் இல்லை.

குட்டைப் பெயர்கள் மட்டும் ஏன்

குழுவில் ஒருவர் சொன்ன எதிர்வாதம் முக்கியமானது: ‘பேமென்ட்_கேட்வே_டைம்அவுட் என்ற பெயரை வைத்து நாங்கள் தனியாகச் சோதித்தோம், எண்ணிக்கை சரியாக வந்ததே!’ உண்மைதான், சரியாகத்தான் வரும். ஆங்கிலத்தில் அது 23 பைட். குட்டி அறைக்குள் அடங்காது. ஆகவே அதன் எழுத்துகள் ஹீப்பில் தனி இடத்தில் இருக்கும். ஸ்ட்ரிங்குக்குள் அதன் முகவரி மட்டும். வெக்டர் வளரும்போது ஸ்ட்ரிங் நகர்கிறது, ஆனால் நகர்வது முகவரிதான். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சாவி சுட்டுவது எழுத்துகளை. எனவே அது பிழைத்துக்கொள்கிறது.

இப்படித் தப்பித்துக்கொள்ளும் என்று சி++ தரநிலை (மொழியின் அதிகாரபூர்வ விதித் தொகுப்பு) எங்கும் வாக்களிக்கவில்லை. வெக்டர் இடம் மாறினால் அதன் உறுப்புகளைச் சுட்டும் எதுவும் செல்லாது என்பதே விதி. வெக்டரையே நகர்த்தினால் உள்ளே இருப்பவை இடம் மாறாது என்ற உறுதி உண்டு. ஸ்ட்ரிங்குக்கு அந்த உறுதி வேண்டுமென்றே தரப்படவில்லை, இந்தக் குட்டி அறைக்காகத்தான்.

எல்லைக்கோடு கம்பைலரோடு வரும் நூலகத்தைப் பொறுத்து மாறும். ஜிசிசியின் நூலகத்திலும் மைக்ரோசாஃப்டின் நூலகத்திலும் 15 பைட். மேக்கில் கிளாங் என்ற கம்பைலரோடு வரும் லிப்சி++ நூலகத்தில் ஸ்ட்ரிங்கே 24 பைட்தான், ஆனால் 22 பைட் வரை உள்ளேயே வைத்துக்கொள்ளும். செஷன்_எக்ஸ்பயர்டு என்ற பெயர் ஆங்கிலத்தில் 15 பைட். எல்லா இடத்திலும் தப்பாகும். பாஸ்வேர்டு_சேஞ்ச்டு 16 பைட். லினக்ஸில் ஜிசிசியோடு சரியாக வரும், மேக்கில் தப்பாகும். ‘என் மெஷினில் சரியாக ஓடுகிறது’ என்ற பழைய சச்சரவுக்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது. இருவர் சொல்வதும் உண்மை.

தமிழில் பெயர் வைத்திருந்தால் கோடு இன்னும் சீக்கிரம் வரும். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘பிழை’ நான்கு குறியீடு, 12 பைட், குட்டி அறைக்குள் அடங்கும். ‘நிகழ்வு’ ஏழு குறியீடு, 21 பைட். ஜிசிசியில் ஹீப்புக்குப் போகும், லிப்சி++-இல் உள்ளேயே இருக்கும். எழுத்தை எண்ணிப் பார்த்து நீளத்தை முடிவுசெய்யக் கூடாது, பைட்டை எண்ண வேண்டும்.

ஏன் இத்தனை மாதம் தெரியவில்லை

மொத்தக் கூட்டுத்தொகை ஏன் சரியாக வந்தது என்பது எளிது. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. பிளவுபட்ட கணக்குகள் அத்தனையையும் கூட்டினால் வரிகளின் எண்ணிக்கைதான் வரும். குழு வைத்திருந்த ஒரே சரிபார்ப்பு இந்தக் கூட்டுத்தொகை. இந்த வகைத் தப்பை அது ஒருபோதும் பிடிக்காது.

முதல் பத்து ஏன் நம்பும்படி இருந்தது என்பதுதான் சுவாரசியம். ஜிசிசியின் வெக்டர் இரண்டு மடங்காக வளரும்: 1, 2, 4, 8 என்று. ஒவ்வொரு வளர்ச்சியிலும் அதுவரை சேர்ந்த குட்டைப் பெயர்களின் சாவிகள் அநாதையாகிவிடும். ஆனால் வளர்ச்சிகள் சில தடவைதான் நடக்கும். நேம்ஸில் 1024 பெயர் சேரும்வரை பத்தே வளர்ச்சிகள். ஆகவே லாகின் என்ற பெயர் அதிகபட்சம் பதினோரு துண்டாகலாம். லாக் கோப்புகளில் பெரும்பாலான பெயர்கள் ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால், இந்தப் பிளவுகளும் ஆரம்ப வரிகளிலேயே முடிந்துவிடும். கடைசித் துண்டுக்கு ஏறக்குறைய மொத்தமும் சேரும். அதுதான் முதல் பத்தில் வந்து நிற்கும், கொஞ்சம் குறைந்த எண்ணோடு. மற்ற துண்டுகள் பட்டியலின் அடியில் யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும்.

இதற்கு நேர்மாறான கோப்பும் உண்டு. புதுப் பெயர்கள் கடைசிவரை வந்துகொண்டே இருந்தால், கடைசி இரட்டிப்பு கோப்பின் நடுவில் விழலாம். அப்போது முதலிடத்தில் இருக்க வேண்டிய பெயர் இரண்டு பாதியாக உடைந்து, இரண்டாம் இடத்துக்காரர் முதலிடம் பிடித்துவிடுவார். அதே நிரல், அதே பிழை. உள்ளீட்டின் வரிசையைப் பொறுத்து பாதிப்பு அற்பமாகவும் இருக்கலாம், அறிக்கையே தலைகீழாகவும் ஆகலாம். வெளியே தெரியும் தப்பின் அளவை வைத்து உள்ளே இருக்கும் பிழையின் அளவை எடைபோடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கிராஷ் எங்கிருந்து வந்தது

இனி, வந்த கேள்விக்கு விடை. திருப்பிக் கொடுத்த நினைவகத்தைப் படித்தால் உடனே கிராஷ் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு துண்டுகளை ஜிலிப்சி தன் கையிலேயே வைத்துக்கொள்ளும், இயங்குதளத்திடம் ஒப்படைக்காது. அந்தப் பக்கம் நிரலின் பெயரிலேயே இருப்பதால் படிப்பதற்குத் தடை இல்லை, குப்பைதான் கிடைக்கும்.

பெரிய துண்டுகளின் கதை வேறு. ஜிலிப்சியின் இயல்பான எல்லை 128 கிலோபைட், அதாவது 131072 பைட். அந்த அளவோ அதற்கு மேலோ கேட்டால் பெரும்பாலும் இயங்குதளத்திடமிருந்து எம்மேப் என்ற அழைப்பின் வழியாகத் தனியாக வாங்கித் தரும். திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பகுதி நிரலின் முகவரி வரைபடத்திலிருந்தே நீக்கப்படும். 32 பைட் ஸ்ட்ரிங்குகள் 4096 இருந்தால் எத்தனை பைட்? சரியாக 131072. ஆகவே நேம்ஸில் 4097-வது பெயர் சேரும்போது வெக்டர் 8192-க்கு வளர்கிறது, பழைய 4096 அறைகள் இருந்த பகுதி மறைந்துபோகிறது. அடுத்த லாகின் வரி வந்ததும், மேப் அந்த மறைந்த பகுதியை நோக்கும் சாவியோடு எழுத்துகளை ஒப்பிடப் போகிறது. செக்மென்டேஷன் ஃபால்ட்.

கோப்பில் உண்மையாகவே 4097 வெவ்வேறு பெயர்கள் இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிளவுகளால் உண்டான போலிப் பெயர்களும் நேம்ஸில்தான் சேர்கின்றன. அதனால் குழுவின் கணக்குக்குக் கட்டுப்படாமல், அவர்கள் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கு முன்பே விழுந்தது.

கருவி காட்டியது

இவ்வளவையும் கையால் தோண்டினால்தான் கிடைக்கும் என்றில்லை. அட்ரஸ் சானிடைசர் என்ற கருவி கிளாங்கில் 2012-இலும் ஜிசிசியில் 2013-இலும் சேர்ந்தது. தொகுக்கும்போது ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும். ஓட்டம் ஏறத்தாழ இரு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான். அந்த மூன்று வரி உள்ளீட்டை அதில் ஓட்டியவுடன், மூன்றாவது வரியிலேயே நிரலை நிறுத்தி, விடுவிக்கப்பட்ட ஹீப் இடம் படிக்கப்படுகிறது என்று அறிவித்தது. கூடவே மூன்று அடுக்குகள்: எங்கே படித்தாய், எங்கே விடுவித்தாய், எங்கே வாங்கினாய். நடு அடுக்கில் வெக்டரின் புஷ்_பேக் நின்றது. அதைப் பார்த்த கணத்திலேயே எழுதியவர் ‘அட, வளர்கிறதே!’ என்றார். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

கம்பைலர் எச்சரிக்கைகளை எல்லாம் முடுக்கிவிட்டும் இந்த நிரலில் ஒரு வார்த்தை வரவில்லை. வெக்டர் வளர்வதற்கும் மேப்பில் இருக்கும் சாவிக்கும் உள்ள உறவு வகைகளில் எங்கும் எழுதப்படவில்லை. கம்பைலருக்குத் தெரிய வழியில்லை. ரஸ்ட் மொழியில் இதே அமைப்பை எழுதினால், மேப் கடன் வாங்கி வைத்திருக்கும்போது வெக்டரை மாற்ற முடியாது என்று சொல்லித் தொகுக்கவே மறுத்துவிடும். கோ மொழியில் வேறு விதம்: எழுத்துகளை யாராவது சுட்டிக்கொண்டிருக்கும்வரை குப்பை சேகரிப்பான் அதைத் தொடாது. ஆனால் அங்கே ஒரு நீண்ட ஸ்ட்ரிங்கிலிருந்து சிறு பெயரை வெட்டிச் சாவியாக வைத்தால், மூல ஸ்ட்ரிங் முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். அதற்காகவே 1.18 பதிப்பில் ஸ்ட்ரிங்ஸ்.குளோன் சேர்க்கப்பட்டது.

எந்தத் திருத்தம்

முதலில் வந்த யோசனை, நேம்ஸுக்கு முன்கூட்டியே பெரிய இடம் ஒதுக்கிவிடுவது. ஒரே வரித் திருத்தம், சோதனை எல்லாம் பச்சை. நான் இதை முழு மூச்சாக எதிர்த்தேன். எத்தனை பெயர் வரும் என்பதை லாக் கோப்பு முடிவுசெய்கிறது, நாம் இல்லை. ஒதுக்கிய எண்ணைத் தாண்டிய நாளில் இதே பிழை இன்னும் அரிதாக, இன்னும் ஆழத்தில் திரும்ப வரும்.

இரண்டாவது, வெக்டருக்குப் பதில் டெக் என்ற இன்னொரு பட்டியல் வகை. கடைசியில் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள உறுப்புகள் இடம் மாறாது என்று தரநிலையே உறுதி தருகிறது. ஒரே ஒரு வகைப் பெயரை மாற்றினால் நிரல் சரியாகிவிடும். நல்ல திருத்தம்தான். என் தயக்கம் ஒன்றே: பின்னால் வரும் ஒருவர், ‘இங்கே எதற்கு டெக், வெக்டர் போதுமே’ என்று நல்லெண்ணத்தோடு மாற்றிவிடலாம். அப்படிச் செய்வதானால் பக்கத்தில் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது. நேம்ஸையும் கவுண்ட்ஸையும் தூக்கிவிட்டு, ஸ்ட்ரிங்கைச் சாவியாகவும் எண்ணிக்கையை மதிப்பாகவும் கொண்ட ஒரே அன்ஆர்டர்ட் மேப். எழுத்துகளுக்குச் சொந்தக்காரர் மேப்பே. மேப் வளர்ந்தாலும் கணுக்கள் நகர்வதில்லை. தேடும்போது தற்காலிக ஸ்ட்ரிங் கட்டும் செலவு? சி++20-இலிருந்து அன்ஆர்டர்ட் மேப்பில் ஸ்ட்ரிங் வியூவை வைத்தே நேரடியாகத் தேடலாம்; ஹாஷ் வகையிலும் (பெயரைத் தேடுவதற்கான எண்ணாக மாற்றுவது) ஒப்பிடும் வகையிலும் இஸ்_ட்ரான்ஸ்பேரண்ட் என்று அறிவித்தால் போதும். வரிசைப்படுத்திய மேப்பில் இந்த வசதி சி++14 முதலே உண்டு. புதிய பெயருக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரிங் உருவாகும், மற்ற எல்லா வரிக்கும் நகலே இல்லை. எழுதியவர் ஆரம்பத்தில் விரும்பிய வேகம் அப்படியே கிடைத்தது, நிரலும் முன்பைவிடச் சிறிதாயிற்று.

சோதனைகளையும் மாற்றினோம். 15, 16, 22, 23 பைட் நீளத்தில் பெயர்கள். ஐயாயிரத்துக்கு மேல் வெவ்வேறு பெயர்கள் உள்ள ஒரு கோப்பு. புதுப் பெயர்கள் கடைசிவரை வரும் ஒரு கோப்பு. கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல், வெளியீட்டில் எந்தப் பெயரும் இரண்டு முறை வரக் கூடாது என்ற நிபந்தனையும், சார்ட் கட்டளையும் யூனிக் கட்டளையும் சேர்ந்து தரும் எண்ணிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிடுவதும் சேர்ந்தன. இவை எல்லாம் இப்போது அட்ரஸ் சானிடைசர் போட்டுத் தொகுத்த வடிவத்திலும் ஒருமுறை ஓடுகின்றன. பழைய லாக் கோப்புகள் இன்னும் கைவசம் இருந்த மாதங்களுக்கு அறிக்கைகளை மறுபடி உருவாக்கி, மாறிய எண்களைப் பழையவற்றின் பக்கத்திலேயே போட்டு அனுப்பினார்கள்.